சீலிங்குக்கு மேல் படிந்த தூசி



சில வருடங்களுக்கு முன் என் ராத்தா ஆஸ்பத்திரியில் இருந்தார். மார்பில் வந்த புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்த காலம் அது. முடியெல்லாம் கொட்டி, முக்காட்டுக்குள் முகம் சிறுத்துப் போயிருந்தது. "வெள்ளைக்கலம் நல்லாக் கொறஞ்சிருக்காம். பார்க்க வாறவங்க கிட்ட நெருங்க வேணாமாம்" என்று மச்சான் சொல்லியிருந்ததால், நான் கட்டிலின் கால்மாட்டிலேயே நின்று கதைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் குளிரூட்டி திருத்துகிறவர்கள் வந்தார்கள். மூன்று பேர், ஓர் ஏணி, ஒரு வாளி. வார்ட்டின் நடுவில் ஏணியைச் சாத்தி, சீலிங் பலகை இரண்டைக் கழற்றினார்கள். மேலே இருந்து சாம்பல் நிறத்தில் தூசி கொட்டியது. பாரமானவை அடுத்த கட்டிலின் வெள்ளை விரிப்பில் விழுந்தன. பாரமற்றவை விழவில்லை. யன்னல் வெளிச்சத்தில் அவை புகை போல மிதந்துகொண்டிருந்தன. கட்டில்களில் இருந்த பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்தினார்கள். நானும் கைக்குட்டையால் பொத்தினேன். ஆனால் வாய் திறக்கவில்லை.

வேலை செய்ய வந்த மனிதர்களைக் குறை சொல்வதா என்ற கூச்சம் ஒரு பக்கம். தாதிமாரின் மனம் நோகுமோ, பிறகு ராத்தாவைக் கவனிக்கமாட்டார்களோ என்ற பயம் மறுபக்கம். வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நாள் முழுவதும் பேசுகிற நாக்கு அன்று எழும்பவில்லை.

பேசியது நாலு கட்டிலுக்கு அப்பால், மகளுக்குத் துணையாக நின்ற ஒரு தாய். சாதாரணக் கிராமத்துப் பெண். "மிஸ், இவளுக்குத் தூசி பட்டா கூடாதுன்டு டாக்டர் சொன்னாரு. இது முடியுமட்டும் புள்ளைய வேற எங்கயாவது வைக்க ஏலுமா?" என்று அமைதியாகக் கேட்டார். தாதி நிமிர்ந்து சீலிங்கைப் பார்த்தார். உடனே வேலையை நிறுத்தச் சொன்னார். கால் மணித்தியாலத்துக்குள் அந்தப் பக்கத்துக் கட்டில்கள் எல்லாம் அடுத்த வார்ட்டுக்குப் போயின, ராத்தாவின் கட்டிலும்தான். யாரும் யாரிலும் கோபப்படவில்லை. "சொன்னது நல்லதாப் போச்சு" என்று அந்தத் தாதி அந்தத் தாயிடம் சொன்னது எனக்கும் கேட்டது.

அல்ஹம்துலில்லாஹ், ராத்தாவுக்கு அந்தத் தூசியால் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் என் மௌனம் என்னை உறுத்தியது. அந்தத் தூசியில் அப்படி என்னதான் இருக்கிறது என்று தேடிப் படித்தேன். படித்ததை இம்மாதம் உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன். ஆஸ்பத்திரியில் இரவு பகலாகத் துணைக்கு நிற்பவர்கள் நீங்கள்தானே!

பன்னீர்ச் செம்பு போல ஒரு பூஞ்சணம்

மழைக்காலத்தில் பாணில் பச்சையும் சாம்பலுமாகப் பூக்கிறதே, அந்தப் பூஞ்சண இனத்தைச் சேர்ந்த ஒன்றுக்கு அஸ்பர்ஜிலஸ் என்று பெயர். 1729 ஆம் ஆண்டில் இத்தாலியைச் சேர்ந்த மிக்கேலி என்ற மதகுருவும் தாவரவியலாளருமானவர் அந்தப் பெயரை வைத்தார். உருப்பெருக்கியில் பார்த்தபோது, தேவாலயத்தில் புனித நீர் தெளிக்கும் கருவியின் தலை போல அது அவருக்குத் தெரிந்ததாம். நம் கல்யாண வீட்டுப் பன்னீர்ச் செம்பை நினைத்துக்கொள்ளுங்கள். நீண்ட கழுத்து, உருண்டைத் தலை. அந்தத் தலையிலிருந்து பன்னீருக்குப் பதிலாக வித்திகள் தெறிக்கின்றன.

ஒரு வித்தியின் பருமன் 2 முதல் 3.5 மைக்ரோன் வரைதான். ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாகப் பிரித்தால் வருவது ஒரு மைக்ரோன். நம் தலைமுடியின் தடிப்போ ஏறத்தாழ 70 மைக்ரோன். இவ்வளவு சிறியது காற்றில் எப்படி விழும்? அசையாத காற்றில்கூட ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு மீற்றர் அளவுதான் அது கீழிறங்கும். சீலிங்கிலிருந்து புறப்பட்ட வித்தி தரையைத் தொட இரண்டு மூன்று மணித்தியாலம் எடுக்கும். யாராவது நடந்தால், ஒரு மின்விசிறி சுழன்றால், மீண்டும் மேலே எழும்பிவிடும். வேலையாட்கள் ஏணியை எடுத்துக்கொண்டு போன பின்பும் அந்த அறைக் காற்று சுத்தமாகாதிருப்பது இதனால்தான்.

இதைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். இந்த வித்தி எங்கும் இருக்கிறது. மண்ணில், உக்கிய இலையில், வைக்கோலில், வீட்டுத் தூசியில். நாம் ஒவ்வொருவரும் தினமும் நூற்றுக்கணக்கில் சுவாசிக்கிறோம். சுகதேகிகளின் சுவாசப்பைக்குள் காவலுக்கு நிற்கும் கலங்கள் அவற்றை விழுங்கி அழித்துவிடுகின்றன. அந்தக் காவற்காரர்கள் குறைந்துபோனவர்களுக்குத்தான் ஆபத்து. இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர்கள், என்பு மச்சை மாற்றப்பட்டவர்கள், சிறுநீரகம் போன்ற உறுப்பு மாற்றியவர்கள், நீண்ட காலம் ஸ்டீரொயிட் மருந்தைக் கூடிய அளவில் எடுப்பவர்கள், என் ராத்தாவைப் போல் வெள்ளைக்கலம் இறங்கியிருப்பவர்கள். இவர்களுடைய சுவாசப்பையில் வித்தி முளைவிட்டு, நூல் போல வளர்ந்து, இரத்தக் குழாய்களையும் துளைத்துவிடும். மருந்துக்கு அடங்காத காய்ச்சல், இருமல், நெஞ்சு வலி, சிலருக்கு இருமும்போது இரத்தம் என்று அது வெளிப்படும். இரத்தப் புற்றுநோயாளரில் இந்த நோய் முற்றினால் பிழைப்பவர்களை விட இறப்பவர்களே அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஆஸ்பத்திரிகளில் இந்தப் பூஞ்சணம் பரவிய சம்பவங்கள் பற்றிய 53 ஆய்வறிக்கைகளை ஜெர்மனிய ஆய்வாளர் இருவர் ஒன்றாகத் தொகுத்து 2006 இல் வெளியிட்டார்கள். மொத்தம் 458 நோயாளர்கள். அந்தப் பரவல்களில் ஏறத்தாழ அரைவாசி, ஆஸ்பத்திரிக்கு உள்ளேயோ அருகிலோ நடந்த கட்டட வேலையோடும் இடிப்பு வேலையோடும் தொடர்புபட்டிருந்தது.

கொழும்பில் ஐந்து தாய்மார்

இது எங்கோ வெளிநாட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம். 2005 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் கொழும்பில் சிசேரியன் செய்துகொண்ட ஐந்து தாய்மாருக்கு மூளைக்காய்ச்சல் கண்டது. முதுகில் ஊசி போட்டு விறைக்கச் செய்து பிள்ளையை எடுத்திருந்தார்கள். ஐவரில் மூவர் மௌத்தானார்கள். காரணம் இதே அஸ்பர்ஜிலஸ் என்று நமது நாட்டு வைத்தியர்களே கண்டறிந்து, மருத்துவச் சஞ்சிகைகளில் எழுதினார்கள்.

இங்கே வித்தி காற்றால் வரவில்லை. சுனாமிக்குப் பின் வந்து குவிந்த பொருட்களால் களஞ்சியங்கள் நிரம்பி வழிந்த காலம் அது. வெக்கையும் ஈரமும் நிறைந்த இடத்தில் வைக்கப்பட்டிருந்த ஊசி உபகரணங்கள் மேல்தான் ஆய்வாளர்களின் சந்தேகம் போனது. தூசியும் ஈரமும் கவனிப்பாரற்ற ஒரு மூலையும் சேர்ந்தால் இந்தப் பூஞ்சணத்துக்குப் போதும். நல்ல நோக்கத்தோடு அனுப்பிய பொருள்கூட அதற்கு இடமாகிவிடும். குளிரூட்டும் இயந்திரத்தின் உள்ளேயும் அந்த மூன்றும்தான் சேர்கின்றன.

இயந்திரத்தின் வயிற்றுக்குள்

பெரிய ஆஸ்பத்திரிகளில் ஒவ்வோர் அறைக்கும் தனித்தனி ஏசி வைப்பதில்லை. கூரையிலோ தனி அறையிலோ ஒரு பெரிய இயந்திரம் இருக்கும். வெளிக்காற்றையும் அறைகளிலிருந்து திரும்பி வரும் காற்றையும் அது இழுத்து, வடிகட்டியில் வடித்து, குளிர்ந்த குழாய்களின் மேலாகச் செலுத்தும். குளிர்நாடுகளில் சூடாக்கும் குழாய்களும் அதனுள்ளேயே இருக்கும். பிறகு பெரிய விசிறி அந்தக் காற்றைத் தகரக் குழாய்கள் வழியாக வார்ட்டுகளுக்கும் சத்திரசிகிச்சைக் கூடங்களுக்கும் அனுப்பும்.

ஐஸ் போட்ட கிளாசின் வெளிப்புறம் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். குளிர்க் குழாய்களும் அப்படித்தான் வியர்க்கின்றன. அந்தத் தண்ணீர் ஒரு தட்டில் சேர்ந்து வடிந்துபோக வேண்டும். வடிகால் அடைத்துக்கொண்டால் தண்ணீர் தேங்கும். வடிகட்டி பழுதானால் தூசி உள்ளே வரும். இருட்டும் ஈரமும் தூசியும் சேர்ந்த இடத்தில் பூஞ்சணம் குடியேறும். அங்கிருந்து விசிறி அதை எல்லா அறைகளுக்கும் பங்கிட்டுக் கொடுக்கும்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெயர்பெற்ற சிறுவர் ஆஸ்பத்திரி ஒன்றுண்டு. 2019 மே மாதத்தில் அதன் சத்திரசிகிச்சைக் கூடங்களின் காற்றில் அஸ்பர்ஜிலஸ் இருப்பது தெரியவந்து அவற்றை மூடினார்கள். சுத்தம் செய்து ஜூலையில் திறந்தார்கள். நவம்பரில் மறுபடியும் அதே பூஞ்சணம், மறுபடியும் மூடினார்கள். அப்போதுதான் ஆஸ்பத்திரி நிர்வாகம் பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்த்தது. 2001 முதல் 14 பிள்ளைகளுக்கு அங்கே இந்தத் தொற்று ஏற்பட்டிருந்தது. அவர்களில் 6 பேர் இறந்திருந்தார்கள். அடுத்த ஆண்டின் ஆரம்பத்தில் ஏழாவது பிள்ளையும் இறந்தது.

முதல் பிள்ளைக்கு வந்தபோது அது தனிச் சம்பவம் என்று நினைத்தார்கள். இரண்டாவதையும் அப்படியே நினைத்தார்கள். காற்றைத் தரும் இயந்திரத்தோடு இவை எல்லாவற்றையும் முன்பே சேர்த்துப் பார்த்திருக்க வேண்டும் என்று நிர்வாகத் தலைவர் பகிரங்கமாக ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டார். பிறகு கூரையில் புதிய காற்று இயந்திரமும், சத்திரசிகிச்சைக் கூடங்களில் மிக நுண்ணிய வடிகட்டிகளும் பொருத்தப்பட்டன. பணத்துக்கோ படித்த வைத்தியர்களுக்கோ பஞ்சமில்லாத ஓர் ஆஸ்பத்திரியில் இந்தக் காரணம் பிடிபட 18 வருடங்கள் எடுத்தன.

திருத்துவதில் உள்ள ஆபத்து

இயந்திரத்தைத் திருத்தாமல் விட்டால் ஆபத்து. ஆனால் திருத்தும்போதுதான் அதில் வருடக்கணக்காகப் படிந்திருந்த எல்லாம் கலைகிறது. சீலிங்குக்கு மேலே யாரும் தும்புத்தடி கொண்டுபோவதில்லை அல்லவா? பலகையைக் கழற்றினால் அது கொட்டும். பழைய குழாயை வெட்டினால் அதன் உட்புறத் தூசி சிதறும். சுவரைத் துளைத்தால் சீமெந்துப் பொடி பறக்கும். நாட்கணக்கில் நிறுத்தி வைத்த விசிறியை மீண்டும் போட்டால், முதல் மூச்சிலேயே உள்ளே கிடந்ததையெல்லாம் அது வார்ட்டுக்குள் ஊதிவிடும். குழாயைச் சுற்றிய பஞ்சு ஈரமாகிக் கிடந்தால் அதுவே பூஞ்சணத்தின் மெத்தை. நனைந்த சீலிங் பலகையும் சுவர்ப் பலகையும் 72 மணித்தியாலத்துக்குள் நன்றாகக் காயாவிட்டால் கழற்றி வீசிவிட வேண்டும் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையத்தின் வழிகாட்டல்.

இதற்காக வேலையை நிறுத்தி வைக்க முடியாது. ஒழுங்காகச் செய்யும் முறை இருக்கிறது. அதில் முதலாவது, ஏணியைக் கொண்டுவருவதற்கு முன் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள். இந்த வேலை எவ்வளவு தூசியைக் கிளப்பும்? பக்கத்தில் இருக்கும் நோயாளர்கள் எப்படிப்பட்டவர்கள்?

ஒரு பலகையைத் தூக்கி எட்டிப் பார்ப்பது ஒரு வகை, சுவரை இடிப்பது இன்னொரு வகை. அலுவலக அறைக்குப் பக்கத்தில் செய்வது வேறு, என்பு மச்சை மாற்றும் வார்ட்டுக்குப் பக்கத்தில் செய்வது வேறு. அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் வேலையை நான்கு வகையாகவும் நோயாளரை நான்கு பிரிவாகவும் பிரித்து, இரண்டையும் ஓர் அட்டவணையில் பொருத்திப் பார்த்துக் காவலின் படியைத் தீர்மானிக்கிறார்கள். முன்பு நான்கு படிகள் இருந்தன. 2022 இல் வந்த புதிய பதிப்பில் ஐந்து. பிரசவ அறையும் பிறந்த குழந்தைகளின் அறையும் ஆபத்துக் கூடிய பிரிவிலும், புற்றுநோய் வார்ட், சத்திரசிகிச்சைக் கூடம், தீவிர சிகிச்சைப் பிரிவு என்பன அதைவிடக் கூடிய பிரிவிலும் அடங்குவது வழக்கம். பொறியியலாளரும் தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதியும் வார்ட்டுப் பொறுப்பாளரும் ஒன்றாக உட்கார்ந்து இதைத் தீர்மானித்து, எழுத்தில் அனுமதி கொடுத்த பிறகுதான் ஆணி அடிக்கவே முடியும்.

கருவாட்டு மணமும் காற்றின் அமுக்கமும்

அடுத்தது தடுப்பு. வேலை நடக்கும் பகுதியைப் பலகையாலோ தடித்த பொலித்தீனாலோ அடைக்க வேண்டும். பலர் விடும் பிழை, சீலிங் மட்டத்தோடு நிறுத்திவிடுவது. சீலிங்குக்கு மேலே உள்ள வெளி பல அறைகளுக்கும் பொதுவானது. அதனால் தடுப்பு மேல்மாடிக் கொங்கிரீட் வரை போக வேண்டும். இடுக்குகளை ஒட்ட வேண்டும். அந்தப் பகுதிக்குக் காற்று வரும் வழியையும் அங்கிருந்து காற்று திரும்பிப் போகும் வழியையும் மூடி ஒட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் இங்கே கிளம்பும் தூசி மூன்றாம் மாடியில் இருக்கும் நோயாளியின் தலைமாட்டில் போய் இறங்கும்.

அடைத்தால் மட்டும் போதாது. கருவாடு பொரிக்கும்போது குசினியில் வெளியே இழுக்கும் விசிறியைப் போட்டால் மணம் ஹோலுக்கு வராது. ஏன்? விசிறி காற்றை வெளியே இழுப்பதால் குசினியில் அமுக்கம் குறைகிறது. ஹோல் காற்று குசினிக்குள் போகிறதே தவிர, குசினிக் காற்று ஹோலுக்கு வருவதில்லை. ஆஸ்பத்திரியிலும் அதே சூத்திரம்தான். வேலை நடக்கும் பகுதியில் ஓர் இயந்திரத்தை வைத்துக் காற்றை இழுத்து, வடிகட்டி, வெளியே விடுவார்கள். வேண்டிய அமுக்க வித்தியாசம் மிகச் சிறியது, 2.5 பஸ்கால் அளவு. கதவிடுக்கில் ஒரு மெல்லிய கடதாசித் துண்டைப் பிடித்தால் அது வேலைத்தளத்தின் பக்கம் சாய வேண்டும். நம் பக்கம் சாய்ந்தால் ஏதோ பிழை இருக்கிறது.

அந்த இயந்திரத்தில் போடும் வடிகட்டிக்கு ஹெப்பா என்று பெயர். 0.3 மைக்ரோன் பருமனுள்ள துகள்களில் 99.97 வீதத்தை அது பிடித்துவிடும். நமது வித்தியோ அதைவிடச் சுமார் பத்து மடங்கு பெரியது. தப்ப வழியில்லை.

மற்றவையெல்லாம் நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்த சங்கதிகள்தான். காய்ந்த தும்புத்தடியால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைப்பது. வாசலில் ஒட்டும் பாய் விரித்துச் செருப்புத் தூசியைப் பிடிப்பது. குப்பையைத் திறந்த கூடையில் வார்ட் நடுவே தூக்கிக்கொண்டு போகாமல், மூடிய வண்டியில், நோயாளர் நடமாட்டம் இல்லாத நேரத்தில், வேறு வழியால் கொண்டுபோவது. வேலையாட்கள் மேலங்கியை உள்ளேயே கழற்றிவிட்டு வெளியே வருவது. நோயாளரை முதலிலேயே அப்புறப்படுத்துவது. நகர்த்த முடியாதவரை அந்தப் பக்கமாகக் கொண்டுபோக நேர்ந்தால், வைத்தியரின் ஆலோசனையுடன் என்-95 முகக்கவசம் போடுவது. சாதாரணத் துணிக் கவசம் இவ்வளவு நுண்ணிய வித்திக்குப் போதாது.

தேங்கிய தண்ணீர்

காற்றோடு தண்ணீரையும் கவனிக்க வேண்டும். 1976 ஜூலையில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகர ஹோட்டல் ஒன்றில் முன்னாள் இராணுவத்தினர் ஒன்றுகூடினார்கள். வீடு திரும்பியவர்களுக்கு ஒருவர் பின் ஒருவராக நிமோனியா கண்டது. 34 பேர் இறந்தார்கள். என்ன நோய் என்று மாதக்கணக்கில் யாருக்கும் விளங்கவில்லை. 1977 ஜனவரியில் ஜோசப் மெக்டேட் என்ற ஆய்வாளர் அதன் பற்றீரியாவைக் கண்டுபிடித்தார். லெஜியனெல்லா என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். ஹோட்டலின் குளிரூட்டும் தொகுதித் தண்ணீரிலிருந்து அது காற்றில் கலந்தது என்று கருதப்படுகிறது.

இளஞ்சூடான தேங்கிய தண்ணீர் அதற்கு மிகவும் பிடிக்கும். திருத்த வேலைக்காகக் குழாயை அடைத்து வைத்தால் தண்ணீர் அங்கேயே நின்றுவிடும். அதனால் வேலை முடிந்ததும் குழாய்களை நன்றாகத் திறந்து ஓடவிட்ட பிறகே நோயாளருக்குக் கொடுக்க வேண்டும். குளிரூட்டும் தொட்டிகளையும் ஒழுங்காகக் கழுவி மருந்திட வேண்டும்.

வேலை முடிந்த பிறகு

தடுப்பைக் கழற்றுவதும் தூசி கிளப்பும் வேலைதான். முதலில் உள்ளே துடைத்து, பிறகு மெதுவாகக் கழற்றி, மறுபடி துடைக்க வேண்டும். இயந்திரத்தை ஓடவிட்டு, புது வடிகட்டி போட்டு, காற்று எவ்வளவு வருகிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அளந்த பின்பே நோயாளரை உள்ளே எடுக்க வேண்டும்.

ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரில் புதிதாகக் கட்டிய சிறுவர் ஆஸ்பத்திரிக்கு 2019 ஜூலையில் நோயாளர்களை மாற்ற எல்லாம் ஆயத்தமாக இருந்தது. நகர்வதற்குச் சில நாட்களே இருக்கும்போது, தீவிர சிகிச்சைப் பிரிவின் காற்றை அளந்து பார்த்தார்கள். மணித்தியாலத்துக்கு 10 தடவை மாற வேண்டிய அறைக் காற்று 4 தடவைதான் மாறியது. சுகாதார அமைச்சர் ஜீன் ஃப்ரீமன் திறப்பு வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். அந்த ஆஸ்பத்திரி முழுமையாக இயங்கத் தொடங்கியது 2021 மார்ச்சில்தான். பெற்றோர் ஏமாந்தார்கள், செலவு கூடியது, அரசாங்கத்துக்கு வெட்கம். ஆனாலும் நோயாளிப் பிள்ளைகளை உள்ளே எடுத்த பின் கண்டுபிடிப்பதை விட இது எவ்வளவோ மேல்.

துணைக்கு நிற்கும் சகோதரிக்கு

நமது அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பல வார்ட்டுகள் யன்னல் திறந்த வார்ட்டுகள்தான். அதை நினைத்து அஞ்ச வேண்டாம். வெளிக்காற்று வந்து போவது, முக்கியமாகக் கசநோய் போன்றவற்றைத் தடுக்க, நல்லது. ஆனால் யன்னலுக்கு வெளியே கட்டடம் இடித்தால், அந்தப் பக்கத்து யன்னல்களைச் சாத்தச் சொல்லிக் கேளுங்கள். நோயெதிர்ப்புச் சக்தி குறைந்தவரின் கட்டிலை மறுபக்கம் மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.

வார்ட்டுக்குள்ளேயே வேலை தொடங்கினால் இப்படிக் கேட்கலாம்: "மிஸ், இவருக்கு வெள்ளைக்கலம் குறைவு. இந்தத் தூசி பரவாயில்லையா?" இந்த ஒரு வசனம் போதும். அதில் குற்றச்சாட்டு இல்லை. தெரிய வேண்டியவருக்குத் தெரிய வேண்டியது போய்ச் சேர்கிறது. தாதிக்கு ஒரே நேரத்தில் முப்பது நோயாளர், உங்களுக்கு ஒருவர்தான். உங்கள் கண்ணுக்குப் படுவது அவர் கண்ணுக்குப் படாமல் போகலாம். பெரிய ஆஸ்பத்திரிகளில் தொற்றுக் கட்டுப்பாட்டுக்கென்றே ஒரு தாதி உத்தியோகத்தர் இருப்பார். பதில் கிடைக்காவிட்டால் அவரைச் சந்திக்க வேண்டும் என்று பணிவாகக் கேளுங்கள்.

சீலிங்கில் ஈரக் கறையோ கருமைத் திட்டோ கண்டால் சொல்லுங்கள். ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டினால் வாளியை வைத்துவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டாம். அப்படிப்பட்ட நோயாளியைப் பார்க்கப் போகும்போது பூக்கொத்தும் பூச்சாடியும் கொண்டுபோகாதீர்கள். அந்த மண்ணிலும் தண்ணீரிலும் இதே கூட்டம் இருக்கிறது.

வேலை செய்ய வந்தவர்களிடமும் முகம் சுளிக்க வேண்டாம். அவர்களும் யாரோ ஒரு வீட்டின் உழைப்பாளிகள். அந்தத் தூசியை முதலில் சுவாசிப்பதும் அவர்கள்தான். பொலித்தீன் கட்ட வேண்டும் என்று அவர்களிடம் ஒருவரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

வீட்டுக்கு வந்த பின்

ஆஸ்பத்திரியில் கவனமாக இருந்துவிட்டு வீட்டில் கோட்டை விடுகிறோம். நோன்பு வருகிறதென்றால் வெள்ளையடிப்பு. கல்யாணமென்றால் தரைக்கு மாபிள் பதிப்பு. பழைய சுவரைச் சுரண்டுவதும் ஓட்டைக் கழற்றுவதும் நம் வழக்கம். மருந்து ஏற்றிவிட்டு வந்த ஒருவர் வீட்டில் இருந்தால் அந்த வேலைகளைத் தள்ளிப் போடுங்கள். தள்ள முடியாதென்றால், அவரைச் சில நாட்களுக்கு வேறு வீட்டில் வையுங்கள். உக்கிய இலை குவித்த தோட்ட வேலையையும் பசளைக் கிடங்கு கிளறுவதையும் அவர் செய்ய வேண்டாம். ஏசி இருந்தால் அதன் வடிகட்டியைக் கழற்றி அடிக்கடி கழுவுங்கள். கழற்றும்போது அவர் அந்த அறையில் இருக்கக் கூடாது. அறையைக் கூட்டுவதற்குப் பதிலாக ஈரத்துணியால் துடையுங்கள். மருந்துக் காலத்தில் காய்ச்சல் கண்டால், "நாளைக்குப் பார்ப்போம்" என்று இராமல் அன்றே வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

ராத்தா இப்போது சுகமாக இருக்கிறார். பேரப்பிள்ளைகளை அதட்டும் குரல் பழையபடி கேட்கிறது. அந்த வார்ட்டில் பேசிய தாயின் பெயரையோ ஊரையோ நான் கேட்டு வைக்கவில்லை. அவருடைய மகளுக்காகக் கேட்ட ஒரு கேள்வி என் ராத்தாவையும் அந்தத் தூசியிலிருந்து எடுத்துச் சென்றது. நான் நின்ற இடத்தில், நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அடுத்த முறை அந்த இடத்தில் நீங்கள் நின்றால், கேட்டுவிடுங்கள் சகோதரிகளே!